கீலுக்குள் துருப்பிடிக்கும் இரும்பு

பழைய பாய்ப்படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் மேலே ஏறுவார்கள். பாயைத் தடவிப் பார்ப்பார்கள், பாய்மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், அறைக்குள் இறங்கி அடுப்பும் மெத்தையும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். குனிந்து அடியைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும் அங்கே தெரிவது புதிதாக அடித்த நீலப் பெயின்ட்தான். காற்று சாய்த்துவிட்ட படகைத் திரும்ப நிமிர்த்துவது கீல் என்ற அந்த அடிப்பகுதி. 26 அடிப் படகின் மொத்த எடை இரண்டரை டன் என்றால், அதில் ஏறக்குறைய ஒரு டன் கீலில் இருக்கும். பாலஸ்ட் என்று படகுக்காரர்கள் சொல்லும் அடிபாரம் அது. படகு வார்த்த நாளில் அதை உள்ளே வைத்து மூடிய பிறகு யாரும் அதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். ஃபைபர் வேலைக்காக என்னிடம் வந்த பாய்ப்படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒரு டன்னில்தான் கோளாறு.

புதுச்சேரிக் கரைக்கு அடிபாரம் பழக்கமில்லாத பொருள். நான் வம்பாக்கீரப்பாளையத்தில் வளர்ந்தவன். அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். கட்டுமரத்தில் பாரம் என்று ஒரு கல்கூட வைக்கமாட்டார்கள். எடை குறைந்த மரங்களைச் சேர்த்துக் கட்டியதால் அது மூழ்காது. புரண்டால் திரும்பப் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். பாய் விரித்து ஓடும்போது காற்று பக்கவாட்டில் தள்ளாமல் இருக்க ஒரு பலகையைத் தண்ணீருக்குள் செருகுவார்கள். கரை நெருங்கியதும் உருவி மேலே போட்டுவிடுவார்கள். அலையில் ஏறி வந்து மணலில் உட்கார வேண்டிய எந்தக் கலத்துக்கும் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எடை ஆபத்து.

பிரெஞ்சுக்காரர்களின் பெரிய கப்பல்களும் இந்தக் கரையை நெருங்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் வந்துபோகும் கப்பல்கள் எல்லாம் ஆழத்தில் நங்கூரமிட்டு நின்றவை. ஆளும் சரக்கும் சலங்கு என்ற படகில் ஏறித்தான் அலையைத் தாண்டின. சலங்கின் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள்; தரையில் மோதினால் நெளிந்து கொடுக்கும். நீட்டிய கீல் அதற்குக் கிடையாது. பாரம் வைத்த கலம் வெளியே நிற்க வேண்டும், பாரமில்லாத கலம் கரைக்கு வர வேண்டும் என்பதுதான் பல நூற்றாண்டுகளாக இந்த ஊர்க் கடலின் ஏற்பாடு. அதனால்தான் கீல் வைத்த படகு ஒன்று இங்கே வரும்போது அதைப் பற்றித் தெரிந்த கை கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது.

ஃபைபர் வேலை எனக்கு மீன்பிடிப் படகு வழியாக வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர், புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம் கரை நெடுகத் தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. படகு கேட்டு ஊர் ஊராக ஆட்கள் காத்திருந்தார்கள். யார்டுகள் திடீர் திடீரென்று முளைத்தன. கண்ணாடியிழை மேட்டை விரித்து ரெசினைத் தடவி ரோலரை ஓட்டத் தெரிந்தால் வேலை நிச்சயம். நல்ல ஃபைபர் எது, அரைகுறை ஃபைபர் எது என்று அந்த அவசர காலத்தில்தான் கற்றுக்கொண்டேன். ரெசின் குடிக்காத மேட் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒருநாள் வழி கண்டுபிடிக்கும். மீன்பிடிப் படகில் அது தெரிந்துவிடும், ஏனென்றால் உள்ளே திறந்து கிடக்கிறது. பாய்ப்படகின் கீலில் அது தெரிவதேயில்லை.

பாய்ப்படகுகள் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மும்பையிலோ கோவாவிலோ பழைய படகை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். சென்னையில் துறைமுகத்துக்குள்ளேயே, 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது; அலை அடங்கிய தண்ணீரில் கீல் படகு நிற்கலாம். புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம்தான் வாசல். 1980-களின் பிற்பகுதியில் அங்கே கல் கொட்டித் துறைமுகச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் சுவருக்குத் தெற்கே தங்கியது. வடக்கே நகரத்துக் கடற்கரை மணல் இல்லாமல் அரித்துப்போய்க் கருங்கல் சுவராக மாறியது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் 2018-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகுதான் மணல் கொஞ்சம் திரும்பியது. ஊரார் கவலைப்பட்டது காணாமல் போன மணலைப் பற்றி. கீல் படகுக்காரருக்கு அதைவிடப் பெரிய கவலை, முகத்துவாரத்தில் வந்து சேரும் மணல். தண்ணீருக்கு அடியில் ஒன்றே கால், ஒன்றரை மீட்டர் இறங்கி நிற்கும் கீல் அந்த மணல் திட்டில் மோதாமல் உள்ளே வருவது காலத்தையும் ஏற்றத்தையும் பொறுத்தது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இங்கே வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். காத்திருந்தாலும் பெரிதாகத் தண்ணீர் ஏறிவிடாது.

திட்டில் மோதும்போது என்ன நடக்கிறது என்பதை மெதுவாக யோசித்துப் பார்க்க வேண்டும். கீலின் கீழ் நுனி மணலில் நிற்கிறது. படகு முன்னால் போகப் பார்க்கிறது. கீலின் முன்பக்கத்தில் படகுக்கும் கீலுக்கும் இடையிலான சேர்மானம் பிளக்கப் பார்க்கும். பின்பக்கம் மேல்நோக்கிப் படகின் அடித்தளத்தைக் குத்தும். அதற்குள் அடுத்த அலை வந்து படகைத் தூக்கி, இரண்டரை டன்னையும் திரும்பத் தரையில் போடும். வெளியே இழுத்து வந்து பார்த்தால் பெயின்ட் கொஞ்சம் உரசியிருக்கும், அவ்வளவுதான். “மணல்தானே சார், கல் இல்லையே” என்று கூட இருப்பவர்கள் ஆறுதல் சொல்வார்கள். நான் அப்போது அறைக்குள் இறங்கி, தரைப் பலகையைத் தூக்கி, கீலின் பின்முனைக்கு நேர் மேலே டார்ச் அடித்துப் பார்ப்பேன். மயிரிழையாக ஒரு வெடிப்பு அங்கே இருக்கும். முன்பக்கத்தைவிட அங்கேதான் எப்போதும் முதலில் பார்க்க வேண்டும்.

கீல்களில் இரண்டு சாதி. இரும்பிலோ ஈயத்திலோ தனியாக வார்த்து, படகின் அடியில் போல்ட் போட்டு முடுக்குவது ஒன்று. படகையும் கீலையும் ஒரே அச்சில் ஃபைபராக வார்த்து, உள்ளே கூடாக இருக்கும் கீலில் பாரத்தைக் கொட்டி மூடுவது இன்னொன்று. இரண்டாவதில் போல்ட் இல்லை, கழன்று விழ எதுவும் இல்லை, அதனால் அதுதான் பத்திரம் என்று சொல்லி விற்பார்கள். உள்ளே ஈயக் கட்டியாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். 1960-களிலும் 70-களிலும் படகு மலிவாக வேண்டும் என்று பல இடங்களில் ஈயத்துக்குப் பதில் இரும்பைப் போட்டார்கள். வார்த்த இரும்புக் கட்டிகள், பஞ்ச் மிஷினில் வெட்டி விழும் சில்லுகள், உடைந்த துண்டுகள். இடைவெளியை ரெசினாலோ சிமென்ட்டாலோ நிரப்பினார்கள். தண்ணீர் படாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீர் படும். மணலில் உரசி உரசிக் கீலின் அடிநுனியில் ஜெல்கோட் என்ற மேல்பூச்சு தேய்கிறது, பிறகு மேட் தேய்கிறது. மேலிருந்தும் வரும். அறைக்குள் தேங்கும் தண்ணீர் பாரத்தின் மேல்மூடியில் இருக்கும் வெடிப்பு வழியாக இறங்கும். எங்கள் ஊரில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே கொட்டிவிடுகிறது. மூடாமல் கரையில் நிறுத்திய படகு அந்த மழையைத் தொட்டியாக வாங்கி வைத்துக்கொள்ளும். கடலில் ஓடியபோது கெடாத கீல், ஷெட்டுக்கு வெளியே சும்மா நின்றபோது கெட்டிருக்கிறது.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பெரிய இடத்தைக் கேட்கும். இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை. கடற்கரைத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, கூரையின் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு கீழே தள்ளுவதை ஒவ்வொரு வீட்டிலும் பார்த்திருப்பார்கள். 2022 மார்ச்சில் எங்கள் ஊர்க் கடல் பாலத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கடலோரத்தில் கான்கிரீட்டும் இரும்பும் எவ்வளவு காலம் சேர்ந்து இருக்கும் என்பதை அன்று ஊரே போய்ப் பார்த்தது. கீலுக்குள் கூரையில் நடக்கும் அதே காரியம்தான் நடக்கிறது. ஆனால் ஃபைபர் உடனே உடைந்து விழாமல் வளைந்து கொடுத்து, வெளியே ஒரு மெல்லிய வீக்கமாகவே காட்டும். நீளமான ஸ்கேலைக் கீலின் பக்கத்தில் வைத்தால் நடுவில் புடைத்திருப்பது தெரியும். பட்டி போட்டுத் தேய்த்துச் சமப்படுத்தியிருந்தால் அதுவும் தெரியாது.

ஆகவே நான் முதலில் சுத்தியலை எடுப்பேன். பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல். கீலின் முன்நுனியிலிருந்து கை அகலம் கை அகலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். உள்ளே இறுக்கமாக இருந்தால் ‘டக்’ என்று கூர்மையான சத்தம். ஃபைபரும் பாரமும் விலகியிருந்தால் ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு. கோடுகளைச் சேர்த்தால் கோளாறின் வடிவம் தெரிந்துவிடும். அதன் அடிநுனியில் ஒரு துளை போட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்தத் துளையை யாரும் போடக் கூடாது என்று என்னிடம் வேலை கற்க வருகிற பையன்களுக்கு முதல்நாளே சொல்லிவிடுவேன். காற்றுப் புகாத இடத்தில் இரும்பும் உப்புத் தண்ணீரும் பல வருடம் கிடந்தால் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறியிருக்கும். துளை விழுந்ததும் கறுப்புத் தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். அதில் அழுகிய முட்டை நாற்றம், காடி நாற்றம் இரண்டும் இருக்கும். முட்டை நாற்றம் உள்ளே அழுகும் உப்புத் தண்ணீரிலிருந்து வருவது. காடி நாற்றம் வந்தால் ரெசினே சிதைகிறது என்று அர்த்தம்.

அப்படி ஒரு படகை விரிவாகச் சொல்ல வேண்டும். 1970-களில் ஐரோப்பாவில் வார்த்த 26 அடிப் படகு. ஓய்வு பெற்ற ஒருவர் தன் சேமிப்பில் வாங்கி லாரியில் கொண்டுவந்தார். “மேஸ்திரி, அடியில பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடுங்க. மத்ததெல்லாம் வாங்கும்போதே வேலை பார்த்துட்டாங்க” என்றார். தட்டிப் பார்த்தேன். கீலின் கீழ்ப்பாதி முழுக்க மந்தச் சத்தம். “சார், பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஓட்டை போட்டுப் பாக்கலாம். உள்ள காஞ்சிருந்தா நானே மூடிக் குடுக்கறேன், காசு வேணாம்” என்றேன். அவர் வெகுநேரம் படகைச் சுற்றி நடந்தார். நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். துளையிலிருந்து ஒழுகிய தண்ணீர் மறுநாள் வரைக்கும் நிற்கவில்லை.

கீலைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கரையில் நிற்கும் படகின் முழு எடையும் கீலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கீலின் பக்கத்தை அறுத்தால் படகு தன் எடையிலேயே நசுங்கும். அதனால் முன்னும் பின்னும் உள்ளே குறுக்குத் தடுப்பு இருக்கும் இடங்களுக்கு நேர் கீழே மரச்சட்டம் கொடுத்து, பட்டை போட்டு, எடையைக் கீலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிறகுதான் கட்டிங் மிஷின். பக்கவாட்டில் ஜன்னலாக அறுத்து எடுத்த ஃபைபரைப் பத்திரமாக வைத்தோம். முன்பு வேலை பார்த்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஈரமான துருவின் மேலேயே இரண்டு மேட் ஒட்டிப் பட்டி பூசியிருந்தார். அந்த மேட் கையால் இழுத்ததும் முழுசாக உரிந்து வந்தது. உள்ளே இரும்புச் சில்லுகள் செதில் செதிலாகப் பெயர்ந்து, சிமென்ட் பொடிந்து, எல்லாம் கருஞ்சேறாகக் கிடந்தது. உளியால் தோண்டி வாளி வாளியாக எடுத்தோம். ஒவ்வொரு வாளியையும் எடை போட்டு, கீலின் முன்பகுதி, நடு, பின்பகுதி என்று மூன்று பத்தியாக எழுதச் சொன்னேன். “குப்பைக்குப் போறத எதுக்குண்ணே எடை போடணும்?” என்று கேட்டான் தம்பி ஒருவன். எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் அதே எடையில் வைக்காவிட்டால் படகு மூக்கை நட்டுக்கொண்டோ வாலைத் தாழ்த்திக்கொண்டோ மிதக்கும் என்று விளக்கினேன். அடுத்த வாளியிலிருந்து அவனே எழுதினான்.

திரும்ப எதை வைப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. வார்ப்பிரும்பின் அடர்த்தி தண்ணீரைப் போல 7 மடங்குக்குக் கொஞ்சம் மேல். சிமென்ட்டில் கலந்த இரும்புச் சில்லு 4, 5 மடங்குதான் தேறும். ஈயம் 11.3 மடங்கு. ஒரு டன் சில்லுக் கலவை ஏறக்குறைய 200 லிட்டர் இடத்தை அடைத்தது என்றால், ஒரு டன் ஈயத்துக்கு 88 லிட்டர் போதும். அவ்வளவையும் கீலின் அடியில் அடுக்கினால் எடை முன்பைவிடத் தாழ்வாகப் போகும். நல்லதுதானே என்று தோன்றும். ஓரளவுக்கு நல்லதுதான், படகு இன்னும் உறுதியாக நிமிரும். ஆனால் அலையில் சாய்ந்ததும் வெடுக்கென்று திரும்பும். அந்த வெட்டு முழுவதையும் பாய்மரமும் அதைப் பிடித்திருக்கும் கம்பிகளும் தாங்க வேண்டும். 50 வருடப் பழைய கம்பிக் கொக்கிகளை நம்பி அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை. ஈயக் கட்டிகளைக் கீலின் நீளத்துக்குப் பரப்பி, இடைவெளிகளில் எபாக்ஸி ரெசின் கலவை ஊற்றி, எடை மையம் பழைய இடத்துக்குக் கொஞ்சம் கீழே மட்டும் வரும்படி வைத்தோம். எபாக்ஸியை ஒரே தடவையில் வாளியாகக் கவிழ்க்கக் கூடாது. கனமாக ஊற்றினால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். விரல் கனம் ஊற்றி, ஆறவிட்டு, மறுபடியும் விரல் கனம்.

ஈயத்தை யார்டில் உருக்குவதில்லை என்பது என் கண்டிப்பு. 327 டிகிரியில் உருகும், விறகு அடுப்பிலேயே உருக்கலாம், அதனால் எல்லோருக்கும் ஆசை வரும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் நீராவியாகி உருகிய ஈயத்தை மேலே எறியும். பழைய பேட்டரி ஈயத்தை வாங்கி உருக்குவது அதைவிடக் கெடுதல். வார்த்த சின்னக் கட்டிகளாகவே வாங்கிக்கொள்கிறோம். அதை அறுத்த நாளில் வேலைச் சட்டையோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. கையும் முகமும் கழுவி, உடை மாற்றித்தான் போக வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈயத் தூசி அவர்களுக்குச் செய்யும் கேடு சரிசெய்ய முடியாதது.

அந்தப் படகில் அதிக நாள் எடுத்தது காயவைப்பது. கடலுப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் வெயிலில் வைத்தால் மட்டும் கீல் காயாது. முதலில் நல்ல தண்ணீரால், முடிந்தால் வெந்நீரால், உள்ளே திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பிறகு விளக்குப் போட்டு, காற்று ஓட வைத்து, மீட்டரில் ஈரம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையை மாசியில் தொடங்கினால் சித்திரைக்குள் கீல் காயும். ஐப்பசியில் தொடங்கச் சொல்லி யார் எவ்வளவு கொடுத்தாலும் நான் எடுப்பதில்லை. கத்திரியில் வேறு தொல்லை. ஹார்ட்னர் கலந்த ரெசின் கிண்ணத்திலேயே இறுகிவிடும். அதிகாலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

அறுத்த ஜன்னலை மூடும்போது இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெட்டின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்கு. அப்போதுதான் புதிய ஃபைபர் பழைய ஃபைபரைப் பிடிக்கும். மீன்பிடிப் படகுப் பழக்கத்தில் கையில் கிடைத்த சாதா மேட்டை எபாக்ஸியோடு போட்டுவிடக் கூடாது. அந்த மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாமல் விறைத்து நிற்கும். ரெசின் உள்ளே இறங்காது. எபாக்ஸிக்கு நெய்த துணியோ தைத்த துணியோ வேண்டும். பாரத்தின் மேல் மூடியையும் படகின் இரண்டு பக்கச் சுவர்களோடு சேர்த்துக் கட்ட வேண்டும். படகு தலைகீழாகப் புரண்டால் ஒரு டன் ஈயம் அந்த மூடியில் தொங்கும்.

போல்ட் போட்ட கீலின் கதை வேறு. அறைக்குள் தரைப் பலகையைத் தூக்கினால் ஸ்டெயின்லெஸ் நட்டுகள் பளபளவென்று இருக்கும். துடைத்துக் காட்டி “எல்லாம் புதுசு மாதிரி இருக்கு பாருங்க” என்பார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அதன்மேல் கட்டும் மெல்லிய படலத்தால். கீலும் படகும் சேரும் இடுக்கில் காற்று இல்லை, தேங்கிய உப்புத் தண்ணீர் மட்டும் இருக்கிறது; அங்கே படலம் அழிந்து போல்ட் நடுவில் அரிக்கிறது. மேலே தடித்த நட்டு, கீழே தடித்த திருகு, இடையில் பென்சில் கனம். ஒரு போல்ட்டையாவது கழற்றி வெளியே எடுக்காமல் யாரும் சான்று சொல்ல முடியாது. கழற்ற முடியாமல் ஈயத்துக்குள்ளேயே வார்த்த போல்ட்டாக இருந்தால் கீலை இறக்கிப் பார்ப்பதுதான் வழி. அதற்குக் கிரேன் வேண்டும், செலவு ஆகும். அதைச் சொன்னதும் எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

கீல் உட்காரும் அடித்தளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய கேட்டலினா 30 படகுகளில் அந்த இடத்தில் ஃபைபருக்கு இடையே ப்ளைவுட் வைத்திருந்தார்கள். அது ஊறி மக்கினால் போல்ட்டை எவ்வளவு முடுக்கினாலும் இறங்கிக்கொண்டே போகும். கீலின் முன்பக்கச் சேர்மானத்தில் வளைவாக ஒரு வெடிப்பு திரும்பத் திரும்ப வரும். அமெரிக்கப் படகுக்காரர்கள் அதைக் கேட்டலினாச் சிரிப்பு என்றே சொல்கிறார்கள். வெடிப்பில் பட்டி அடைத்துப் பெயின்ட் அடிப்பது அங்கேயும் நடக்கிறது. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் வார்த்த வெஸ்டர்லி சென்டார் என்ற 26 அடிப் படகுக்கு இரண்டு கீல்கள். நீர் வற்றினால் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும். கீல்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் தரையில் உட்காரும் ஒவ்வொரு முறையும் அடித்தளம் நெளிகிறது. அதற்கு உள்ளே குறுக்கு விலா வைத்துப் பலப்படுத்துவது அந்தப் படகுக்காரர்களிடையே தெரிந்த சங்கதி. நீர் பல மீட்டர் வற்றும் கடலுக்காகச் செய்தது அது; எங்கள் கடலில் அந்த இரட்டைக் கீலால் படகு நீருக்குள் இறங்கும் ஆழம் குறைகிறது என்பது மட்டுமே லாபம்.

தூக்கி இறக்கும் கீல்தான் இந்த முகத்துவாரத்துக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். அப்பாவின் கட்டுமரப் பலகையும் அந்த யோசனைதான். அதன் ஊசி தேய்கிறதா, கம்பி அறுகிறதா, உறைக்குள் மணல் சேர்ந்து சிக்குகிறதா என்று வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது.

கீல் கழன்றால் என்ன ஆகும் என்பதை 2014 மே மாதம் அட்லாண்டிக் காட்டியது. சீக்கி ரஃபிகி என்ற 40 அடி வகுப்புப் பாய்ப்படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும்போது கீலை இழந்து கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் கடல் விபத்து ஆய்வாளர்களின் அறிக்கையை ஒருவர் எனக்குப் படித்து விளக்கினார். அதற்கு முன் அந்தப் படகு தரை தட்டியதும், பிறகு பார்த்த பழுதுகளும் சேர்ந்து, கீல் பிடித்திருந்த அடித்தளத்தையும் அதற்குள் ஒட்டியிருந்த விலாச் சட்டத்தையும் பலவீனமாக்கியிருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஒட்டு விட்டிருப்பது வெளியே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்ற இடத்தில் நான் அவரை நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொன்னேன். எங்கள் முகத்துவாரத்தில் மணல்தானே என்று சொல்கிறவர்கள் யார் வந்தாலும் அந்த நான்கு பேர் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

பழைய ஃபைபர் படகு என்றாலே பயம் என்று நான் சொல்லவரவில்லை. நம் ராணுவப் பொறியாளர் படையினர் 1985-ல் புறப்பட்டு 1987 ஜனவரியில் மும்பை திரும்பி, உலகைப் பாயில் சுற்றிய முதல் இந்தியப் படகு என்ற பெயரைத் திரிஷ்ணாவுக்கு வாங்கித் தந்தார்கள். அது 37 அடி ஃபைபர் படகு, இங்கிலாந்தில் வாங்கிய பழைய படகு. அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது ரஸ்ட்லர் 36 என்ற படகில். 1988-க்கு முன் வடிவமைத்த நீளக் கீல் படகுகள்தான் அந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளலாம் என்பது விதி. அந்தக் காலத்தில் ஃபைபரைக் கனமாகவே போட்டார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அந்தப் படகுகள் நமக்குப் பிறகும் ஓடும். அவற்றை மூடி மறைத்து விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த 26 அடிப் படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று காற்று இல்லாத காலை நேரமாகப் பார்த்துக்கொண்டோம். பழைய நீர்க்கோட்டின் அடையாளத்தை முன்னும் பின்னும் முன்பே குறித்து வைத்திருந்தோம். மூக்கு இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. அதற்காகவே கடைசிக் கொஞ்சம் ஈயத்தை நிரந்தரமாக மூடாமல் வெளியே வைத்திருந்தோம். பின்பக்கத்தில் வைத்து, நீர்க்கோடு சரியான பிறகு அதே இடத்தில் ஃபைபர் போட்டுக் கட்டினோம். படகுக்காரர் பாய்மர உச்சியிலிருந்து கயிற்றை இழுத்துச் சாய்த்துப் பார்த்தார், விட்டதும் தடுமாறாமல் நிமிர்ந்தது. பாரத்தின் மேல்மூடியில், எத்தனை கிலோ ஈயம் எந்தப் பகுதியில் இருக்கிறது, எந்த மாதம் எந்த ரெசினால் மூடினோம், எவ்வளவு துணி போட்டோம் என்று மார்க்கரில் தமிழிலும் இங்கிலீஷிலும் தம்பி எழுதினான். அதன் மேல் ஒரு கை தெளிந்த எபாக்ஸி பூசினோம். தரைப் பலகையைத் தூக்கினால் அதைப் படிக்கலாம். இப்போது என் கையில் முடியும் ஒவ்வொரு கீலிலும் அப்படி எழுதுகிறோம்.